‘விசா வந்தாச்சு’ என்று சொன்னால், என்ன விசா என்று கேளுங்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள எங்கள் களியக்காவிளையில் பஸ் ஏறினால், பாலராமபுரம் நெரிசலையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம் விமான நிலையம். அங்கிருந்து நாலு மணி நேரத்தில் துபாய். சென்னைக்கோ ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் கிடக்க வேண்டும். குழித்துறை, மார்த்தாண்டம், அந்தப் பக்கம் பாறசாலை என்று எங்கள் வட்டாரத்துப் பையன்கள் சென்னையை விடத் துபாய்தான் பக்கம் என்று நினைத்து வளர்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

2006இல் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, அப்பா ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த பைசாவையும் போட்டு, 1,10,000 ரூபாயை ஓர் ஏஜென்ட் கையில் கொடுத்தேன். ‘விசா வந்தாச்சு’ என்று ஒரு நாள் போன் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். என்ன விசா என்று நானும் கேட்கவில்லை, வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. சார்ஜாவில் இறங்கிய பிறகுதான் அது விசிட் விசா என்று தெரிந்தது. அது முடிந்த பிறகு ஓர் அலுமினியப் பட்டறையில் ஒளிந்து வேலை பார்த்தேன். 2007இல் அமீரக அரசு பொதுமன்னிப்பு அறிவித்தபோது வரிசையில் நின்று ஊர் திரும்பினேன். அப்புறம் 2010இல் ஒழுங்கான காகிதத்தோடு எலக்ட்ரீஷியனாகப் போய் 11 வருடம் இருந்துவிட்டு வந்தேன். இப்போது ஊரில் வயரிங் வேலை. சாயங்காலம் சாயாக்கடையில் யாராவது ஒரு தம்பி போனை நீட்டி, ‘அண்ணே, இந்த விசா சரிதானான்னு பாருங்க’ என்று கேட்காத வாரம் இல்லை. அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் காகிதத்தை நீட்டினாலும் நான் முதலில் தேடுவது மூன்று பெயர்களை. உன் பெயர், உன் முதலாளியின் பெயர், நீ பார்க்கப் போகும் வேலையின் பெயர். உன் பெயர் பாஸ்போர்ட்டிலும் ஒப்பந்தத்திலும் விசாவிலும், மற்ற இரண்டும் ஒப்பந்தத்திலும் விசாவிலும் ஒன்றுபோல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஏஜென்ட்டின் பெயர் பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் இருக்காது என்பதையும் கவனியுங்கள். நாளைக்குப் பிரச்சினை என்றால் அவருக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வசதியாகத்தான் அப்படி.

உன் பெயர்: பாஸ்போர்ட்

தமிழ்நாட்டுப் பக்கம் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஓர் இன்ஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தை வெற்றாக விட்டு ஒற்றைப் பெயரில் எடுத்துவிடுவார்கள். 2022 நவம்பரில் இருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வருபவர்களை அமீரகம் திருப்பி அனுப்பத் தொடங்கியது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள் என்றாலும், புதிதாக எடுப்பவர்கள் இரண்டு கட்டத்தையும் நிரப்பி எடுங்கள். இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டாலே போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலே ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கட்டும். எல்லையில் இது பெரிய தலைவலி. பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், ஐடிஐ அந்தப் பக்கம் என்று படித்தவர்களுக்கு ஒரு சான்றிதழில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி, வீட்டுப் பெயர் வேறு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது இசிஆர். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்று அச்சடித்திருக்கும். அதைத்தான் இசிஆர் பாஸ்போர்ட் என்கிறோம். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் விண்ணப்பிக்கும்போதே சான்றிதழைக் காட்டி அந்த அச்சு இல்லாத பாஸ்போர்ட்டாக வாங்கிவிடலாம். சான்றிதழ் கையில் இருந்தும் சோம்பலில் காட்டாமல் விட்டு, பிறகு மறுபடி விண்ணப்பித்தவர்கள் எனக்கே நாலைந்து பேர் தெரியும்.

இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் என்று வளைகுடா நாடுகள் ஆறும் அதில் வரும், மலேசியாவும் தாய்லாந்தும் உண்டு. அந்த அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது, திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. விண்ணப்பம் எல்லாம் இமைக்ரேட் என்ற மத்திய அரசு இணையதளம் வழியாகத்தான். அதே பெயர் மாதிரி போலித் தளங்கள் உண்டு. முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிளியரன்ஸை ஏதோ அரசாங்கத்தின் தொந்தரவு என்று நினைத்துத்தான் குறுக்கு வழி தேடுகிறார்கள். மலையாளத்தில் இதற்குச் ‘சவிட்டிக்கயற்று’ என்றே ஒரு சொல் உண்டு. ஆளை மிதித்து ஏற்றிவிடுவது. விசிட் விசாவில் ஏற்றி, ‘கவுன்டரில் கேட்டால் மாமா வீட்டுக்குப் போறேன்னு சொல்லு’ என்று பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்புவது. அப்படிப் போனவன் எந்த முதலாளியிடம், என்ன சம்பளத்துக்குப் போனான் என்று இந்தியாவில் எந்தப் பதிவும் இருக்காது. கிளியரன்ஸ் என்றால் அந்தப் பதிவுதான், வேறு எதுவும் இல்லை.

இதில் நம் கடற்கரை ஆட்களுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. குளச்சல், இனயம், தூத்தூர் பக்கத்திலிருந்து மீன்பிடி வேலைக்கு ஈரான் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரான் அந்த 18 நாடுகளில் இல்லை. அதனால் எந்தச் சோதனையும் இல்லாமல் போய்விடலாம், அதே காரணத்தால் எந்தப் பதிவும் இல்லை. 2020 ஜூலை 1ஆம் தேதி கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியதே, அதில் எத்தனை மீனவர்கள் என்று கடற்கரை ஊர்களில் கேட்டால் சொல்வார்கள். ஈரானுக்குப் போவதென்றால் படகு முதலாளியின் பெயர், படகின் பதிவு எண், கூலியா பங்கா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஏறாதீர்கள்.

முதலாளியின் பெயர்: ஏஜென்ட், கட்டணம், ஃப்ரீ விசா

1983ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இமைக்ரேட் தளத்திலேயே இருக்கிறது, உரிம எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பலகையில் எண் எழுதியிருப்பது போதாது. அந்த எண், அந்தப் பெயர், அந்த முகவரி மூன்றும் தளத்தில் பொருந்த வேண்டும், உரிமம் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். ‘மும்பை ஆபீசுக்கு நான் ஆள் பிடிச்சுக் கொடுக்கறேன்’ என்கிற உள்ளூர்க்காரருக்குச் சட்டத்தில் இடமே இல்லை, அவர் உங்கள் சித்தப்பாவாகவே இருந்தாலும். (உரிமம் இல்லாமல் ஆள் எடுத்தால் 2 வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 1983இல் 2,000 ரூபாய் பெரிய தொகையாக இருந்திருக்கும்.)

உரிமம் உள்ள ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 35,400. ரசீது கட்டாயம். வங்கி வழியாகக் கொடுங்கள். ‘கையில் கொடுத்தால் ஜிஎஸ்டி மிச்சம்’ என்று சொல்வார்கள், அந்த 5,400ஐ மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத்துக்கும் ஆதாரம் இல்லாமல் போகும். அமீரகத்தில் தொழிலாளியிடம் விசாச் செலவையோ ஆள் எடுக்கும் செலவையோ வாங்கவே கூடாது, அது முதலாளியின் செலவு என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. அப்படியிருக்க ‘விசாவுக்கு ஒன்றரை லட்சம்’ என்றால் அந்தக் காசு எங்கே போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஃப்ரீ விசாவுக்கு வருகிறேன். நம் ஊரில் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான், ஏமாந்தோம் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் இருப்பதும் இதில்தான். ஃப்ரீ விசா என்று எந்த நாட்டிலும் ஒரு விசா வகை கிடையாது. நடப்பது இதுதான். அங்கே ஒருவரிடம் ஒரு கடைக்கோ கம்பெனிக்கோ லைசென்ஸ் இருக்கும். அதன் கணக்கில் சில ஆட்களுக்கு விசா எடுக்கலாம். அவருக்கு ஆள் தேவையில்லை, பணம் தேவை. அந்த விசாக்களை விற்கிறார். நீங்கள் லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறீர்கள். காகிதத்தில் உங்கள் முதலாளி அவர். நிஜத்தில் அவர் உங்களுக்குச் சம்பளமும் தர மாட்டார், தங்க இடமும் தர மாட்டார். நீங்கள் வெளியே வேலை தேடிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் ‘ஃப்ரீ’. விசா புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபடி அவருக்குப் பணம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்கே சம்பளம் அதிகமோ அங்கே போகலாமே என்பார்கள். ஆனால் விசாவில் இருக்கும் முதலாளியை விட்டு இன்னொருவரிடம், தொழிலாளர் அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் வேலை செய்வது அங்கே சட்டப்படி குற்றம். சோதனைக்கு வந்தால் ஓட வேண்டும். சம்பளம் தராமல் ஏமாற்றினால் புகார் கொடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே வேலை செய்ததாகவே உங்களிடம் காகிதம் இல்லை. விசா கொடுத்தவருக்குக் கோபம் வந்தால் ‘ஆள் ஓடிவிட்டான்’ என்று ஒரு புகார் பதிவு செய்துவிடுவார். சவூதியில் அதை ஹுரூப் என்பார்கள். அதோடு நீங்கள் கல்லிவல்லி. எங்கள் முகாமில் காகிதம் இல்லாதவனை அப்படித்தான் கூப்பிடுவோம், என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்லிவல்லிக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம்.

முன்பெல்லாம் சின்னக் கடைக்காரர்கள் கண்டுகொள்ளாமல் வேலை கொடுப்பார்கள். அமீரகத்தில் 2024இல் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். இனி யார் உங்களைத் துணிந்து சேர்ப்பார்கள்?

குவைத்தில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. அங்கே 18 என்பது கம்பெனி விசா, 20 என்பது வீட்டு வேலை விசா. ‘20இல் இறங்கு, அப்புறம் 18க்கு மாற்றிக்கலாம்’ என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டு விசாவில் வந்தவர் கடையில் வேலை பார்த்தால் பிடித்து ஊருக்கு அனுப்புவார்கள். மாற்றுவது அவர்கள் சொல்வது போல உங்கள் கையில் உள்ள விஷயம் இல்லை.

வேலையின் பெயர்: ஒப்பந்தம்

இன்டர்வியூவில் எலக்ட்ரீஷியன் என்பார்கள், ஒப்பந்தத்தில் ஹெல்பர் என்று இருக்கும். ‘விசா கிடைப்பதற்காக அப்படிப் போட்டிருக்கு, வேலை எலக்ட்ரீஷியன்தான்’ என்பது வழக்கமான பதில். நம்பாதீர்கள். அங்கே தொழிலாளர் நீதிமன்றத்தில் வாய் பேசாது, காகிதம்தான் பேசும்.

அமீரகத்துக்கு என்றால் விசா எடுப்பதற்கு முன்பே ஒரு வேலை உறுதிக் கடிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு போடும் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைத்துப் போடக் கூடாது என்பது அங்குள்ள விதி. அந்தக் கடிதத்தை அரபிக்கும் ஆங்கிலத்துக்கும் பக்கத்தில் நமக்குத் தெரிந்த மொழியிலும் தரச் சொல்லிக் கேட்கலாம். கையெழுத்துப் போட்ட பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். விமான நிலைய வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கினால் ஏதோ கோளாறு.

படிக்கும்போது சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே முதல் ஒப்பந்தத்தில் பார்க்காமல் விட்டது இது. அமீரகத்தில் ஒரு வருடம் முடித்தவருக்கு வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மாதம் 1,000 திர்ஹம் அடிப்படை என்றால் வருடத்துக்கு 700, 5 வருடத்துக்கு 3,500. அதே 1,000ஐ, அடிப்படை 600, மற்ற படி 400 என்று உடைத்துப் போட்டால் 5 வருடத்துக்கு 2,100தான். மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான், கடைசியில் 1,400 திர்ஹம் போய்விடும். ஓவர்டைம் கணக்கும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்.

மற்றபடி பார்க்க வேண்டியவை: ஒரு நாளைக்கு 8 மணி நேரமா, சாப்பாடு யார் செலவு, தங்க இடம் உண்டா, வருட விடுப்புக்கு டிக்கெட் உண்டா, தகுதிகாண் காலம் எத்தனை மாதம். அமீரகத்தில் தகுதிகாண் 6 மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கத்தாரில் குறைந்தபட்சச் சம்பளம் 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால். கம்பெனி சாப்பாடும் இடமும் தராவிட்டால் சாப்பாட்டுக்கு 300, தங்க 500 சேர்த்துத் தர வேண்டும். அதற்குக் கீழே ஒரு எண் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

கத்தார் விஷயத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கொச்சியிலும் சென்னையிலும் கத்தார் விசா மையம் இருக்கிறது. மருத்துவச் சோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே முடிந்துவிடும், ஒப்பந்தத்தை அங்கேயே படித்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறி வந்துவிடலாம். அது பெரிய விஷயம் மக்களே, தோஹாவில் இறங்கிய பிறகு அப்படி வர முடியாது.

சவூதி, குவைத் மாதிரி நாடுகளுக்கு மெடிக்கல், வாஃபித் என்ற தளத்தில் பதிவு செய்து எடுக்க வேண்டும். வேலை உறுதி ஆகாமல் மெடிக்கல் எடுத்துப் பணத்தைக் கரைக்காதீர்கள். காசநோய், மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் பார்ப்பார்கள். பழைய காசநோய்த் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் சிக்கல்தான். ‘நான் சரி பண்ணித் தரேன்’ என்று ஒருவர் வந்தால், அங்கே போனதும் மறுபடி ஒரு சோதனை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். சவூதிக்கு எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக் போன்றவர்களுக்குத் தொழில் தேர்வும் உண்டு, இந்தியாவிலேயே எழுதலாம்.

சான்றிதழ் சரிபார்ப்பு: எல்லைக்காரர்களின் தனிப் பிரச்சினை

படிப்புச் சான்றிதழ் தேவைப்படும் வேலை என்றால் அதை மாநில அரசு, பிறகு மத்திய வெளியுறவுத் துறை, பிறகு அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றளிக்க வேண்டும். ஓமன், பஹ்ரைன், சவூதி ஆகியவை அப்போஸ்டில் என்ற, பல நாடுகள் பொதுவாக ஏற்கும் வெளியுறவுத் துறை முத்திரையை ஏற்பதால் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. அமீரகத்துக்கும் கத்தாருக்கும் குவைத்துக்கும் தூதரகம்தான்.

இதில் மாநிலம் என்பது நீங்கள் குடியிருக்கும் மாநிலம் இல்லை, சான்றிதழ் கொடுத்த மாநிலம். வீடு தமிழ்நாட்டுப் பக்கம் மேல்புறம் ஊரில், டிப்ளமோ கேரளத்து நெய்யாற்றின்கரையில் என்றால் டிப்ளமோவுக்குக் கேரளப் பக்கம்தான் அலைய வேண்டும். திருவனந்தபுரம் தைக்காட்டில் உள்ள நோர்க்கா ரூட்ஸ் (வெளிநாட்டுக் கேரளத்தவருக்கான கேரள அரசு நிறுவனம்) மையத்தில் அந்த வேலையைச் செய்து தருகிறார்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் வேலை நடக்காது. என்னுடன் வேலை பார்த்த ஒருவர் இதற்காகவே இரண்டு தடவை தைக்காடு போய்த் திரும்பினார், இரண்டாவது தடவை எதற்குப் போனார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்தப் பிரிவு வேறு இடத்திலும் வரும். பாறசாலை, தேவிகுளம், பாலக்காட்டுத் தமிழர்கள் கேரளவாசிகள் என்பதால் நோர்க்காவின் அடையாள அட்டையும் கேரளப் பிரவாசி நல வாரியமும் அவர்களுக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரியம். போவதற்கு முன்பே உறுப்பினராகிவிடுங்கள். ஆள் எடுக்கும் அரசு நிறுவனமும் அப்படித்தான். அங்கே ஒடெபெக், இங்கே சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அது 1978 முதல் இருக்கிறது, நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. காத்திருக்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் சங்கிலியை அடகு வைக்க வேண்டியிருக்காது.

நர்ஸ் தங்கைகளுக்கு: பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும் அந்த 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. அந்த வருடம்தான் குவைத் நர்ஸ் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒரு கொச்சி ஏஜென்சி 19.5 லட்சம் வாங்கியதாக சிபிஐ வழக்குப் போட்டது. டேட்டாஃப்ளோ என்ற, சான்றிதழ்களைச் சோதிக்கும் நிறுவனத்தின் சரிபார்ப்புக்கு அனுபவச் சான்றிதழ் உண்மையானதாக இருக்க வேண்டும், அவர்கள் ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்பார்கள். ஜெர்மனிக்கு நோர்க்காவின் டிரிபிள் வின் திட்டத்தில் நர்சுகளிடம் ஆளெடுப்புக் கட்டணம் வாங்குவதில்லை, ஜெர்மன் மொழியும் கற்றுத் தருகிறார்கள். பிரிட்டனுக்கு முதியோர் பராமரிப்பு வேலை என்று யாராவது பணம் கேட்டால், 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதை அங்கே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். இன்னொன்று, இசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்கள் 30 வயதுக்குள் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. வயதை மாற்றிப் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரு சாயாகூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

படித்த பையன்களுக்கும் ஒரு வார்த்தை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், டூரிஸ்ட் விசாவில் வா, டிக்கெட் நாங்க போடறோம் என்று வந்தால் அது பெரும்பாலும் மியான்மரின் மியாவாடியிலோ கம்போடியாவிலோ உள்ள இணைய மோசடி முகாமில் போய் முடியும். 2022இல் தமிழ்நாட்டு இளைஞர்களை அங்கிருந்து மீட்டுக் கொண்டுவந்த பிறகும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ரஷ்யாவில் செக்யூரிட்டி வேலை என்று போன திருவனந்தபுரம் கடற்கரைப் பையன்கள் 2024இல் உக்ரைன் போர்முனையில் நின்ற கதையும் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நடந்ததுதான்.

ஏமாந்துவிட்டால்

பணம் கொடுத்து ஏமாந்த பிறகு எல்லையில் ஒரு கூத்து நடக்கும். ஏஜென்ட் ஆபீஸ் அந்த மாநிலத்தில், பணம் கொடுத்தது இந்த மாநிலத்தில். ஒரு ஸ்டேஷனில் ‘அங்கே போ’ என்பார்கள், அங்கே போனால் ‘இங்கே எதுக்கு வந்தே’ என்பார்கள். எனக்கே 2007இல் நடந்தது, மூன்றாவது நாள் நான் ஓய்ந்துவிட்டேன். இப்போது ஓய வேண்டியதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். அந்தப் பிரிவு எண்ணை எழுதியே கொண்டுபோங்கள். உரிமம் உள்ள ஏஜென்ட் என்றால் இமைக்ரேட்டிலும் புகார் போடுங்கள்.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் இந்தியத் தூதரகம், இல்லையென்றால் வெளியுறவுத் துறையின் மதாத் என்ற புகார்த் தளம். இந்தியாவிலிருந்து குடும்பத்தார் கூப்பிட 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. வழியில்லாதவருக்கு டிக்கெட், உடலை ஊருக்கு அனுப்பும் செலவு போன்றவற்றுக்குத் தூதரகங்களில் இந்தியச் சமூக நலநிதி என்று ஒன்று 2009 முதல் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

கிளம்பும் வாரம்

பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் இசிஆர் ஆட்களுக்குக் கட்டாயம். 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375, அதோடு வரி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் வந்தாலோ 10 லட்சம். 2024 ஜூன் 12இல் குவைத் மங்காஃப் கட்டடத் தீ விபத்துக்குப் பிறகு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியபோது அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 7 பேரின் உடல்கள் இருந்தன. 375 ரூபாய்க்கு யோசிக்க வேண்டாம். வாரிசுப் பெயரைச் சரியாகப் போடுங்கள். புறப்படும் முன் தரும் ஒரு நாள் பயிற்சி இலவசம், ‘சும்மா தூக்கம் வரும்’ என்று தட்டிக்கழிக்காமல் போய்வாருங்கள்.

பெட்டியில் கசகசா வைக்காதீர்கள். குழம்புப் பொடிக்குள் கலந்திருந்தாலும் வேண்டாம், வளைகுடாவில் அது போதைப்பொருள் கணக்கில் வரும், ஜெயில்தான். டிரமடால், கோடீன் சேர்ந்த வலி மாத்திரை, இருமல் மருந்து எதுவும் டாக்டர் சீட்டும் அந்த நாட்டு அனுமதியும் இல்லாமல் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா மகனுக்குக் கொடுத்துவிடச் சொல்லும் அச்சாறு பொட்டலம் என்றாலும் அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து நீங்களே கட்டுங்கள். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

அங்கே போனதும் பாஸ்போர்ட்டை கம்பெனி வாங்கி வைத்துக்கொள்வது அமீரகத்திலும் சவூதியிலும் கத்தாரிலும் சட்டப்படி தவறு. விசா அடிக்கக் கொடுத்தால் வேலை முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். சம்பளம் வங்கி வழியாக வருகிறதா என்று முதல் மாதமே பாருங்கள்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், இன்சூரன்ஸ், கட்டணம் கட்டிய ரசீது என்று ஐந்தையும் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள், போனில் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கம்பெனியின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டிவிட்டுப் போங்கள். 2006இல் நான் போனபோது வீட்டில் இருந்தது ஏஜென்ட்டின் செல் நம்பர் மட்டும். மூன்றாம் வாரம் அது ஸ்விட்ச் ஆஃப். அடுத்த நாலு மாதம் அப்பா யாரைப் பார்த்தாலும் ‘சார்ஜாவில் என் மகன்’ என்று சொன்னாராம், அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.